நாற்பதில் கம்பு எடுக்கலாமா? உடம்புக்காகச் சிலம்பம் பழகுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

சிலம்பத்தில் உடம்புக்கு உண்மையான வேலை கொடுப்பது கால்தான். கம்பு அதற்கு அப்புறம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் ரீல்ஸில் வருவதெல்லாம் நின்ற இடத்தில் நின்றுகொண்டு கம்பு சுற்றுவதுதான். அதைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் ஒரு கம்பை வரவழைத்து, மொட்டை மாடியில் தானாகவே சுற்ற ஆரம்பிப்பவர்களுக்கு இரண்டு வாரத்தில் மணிக்கட்டு வலிக்கும், கம்பு பரணுக்குப் போய்விடும், இதெல்லாம் சின்ன வயசிலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார்கள். வயசு மேல் பழியைப் போடுவது சுலபம். வரிசையை மாற்றிப் பழகியதுதான் கோளாறு.

முப்பது, முப்பத்தைந்தைத் தாண்டியவர்களை, அதிலும் நாற்காலியில் உட்கார்ந்தே பிழைப்பை ஓட்டுகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பதக்கமும் வேண்டாம் சான்றிதழும் வேண்டாம், மூன்று மாடி ஏறினால் மூச்சிரைக்காமல் இருந்தால் போதும், தோளும் இடுப்பும் கொஞ்சம் இளகினால் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு இது உதவும். போட்டிக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு வழி வேறு.

ஆசானைத் தேடுவது

வீடியோ பார்த்தே பழக முடியாதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கால் வைக்கும் முறையை ஓரளவு பார்த்துப் பிடிக்கலாம்தான். ஆனால் திரும்பும்போது உங்கள் முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று வீடியோ பார்த்துச் சொல்லாது, அதற்கு எதிரே ஒரு ஆள் நிற்க வேண்டும். குறைந்தது முதல் மூன்று மாதமாவது ஒருவரிடம் நேரில் பழகுங்கள். அவரை ஆசான் என்று அழைக்கும் ஊர்கள் உண்டு, வாத்தியார் என்று அழைக்கும் ஊர்கள் உண்டு, நகரங்களில் பெரும்பாலும் மாஸ்டர்தான். பள்ளி மைதானம், கோயில் திடல், பூங்கா, கடற்கரை மாதிரியான இடங்களில் விடிகாலையிலோ சாயங்காலமோ ஒரு சுற்றுச் சுற்றினால் எங்காவது கம்புச் சத்தம் கேட்கும். முதுகில் கம்புப் பையோடு போகும் பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டால் இன்னும் சீக்கிரம் விவரம் கிடைத்துவிடும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். தமிழ்நாடு அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்துக்கு இடம் கிடைத்தது, 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகவும் இடம்பெற்றது. கலைக்கு நல்ல காலம்தான், ஆனால் அதனாலேயே வகுப்புகளில் பிள்ளைகள் கூட்டம், பயிற்சியும் போட்டியை நோக்கியே ஓடுகிறது. போட்டிக்கு வேகம் வேண்டும், பார்வைக்கு எடுப்பாக இருக்க வேண்டும். உங்களுக்கு அது இரண்டும் அவசரமில்லை. அதனால் சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பெரியவர்களுக்குத் தனி நேரம் உண்டா, முதல் மாதம் என்ன சொல்லித் தருவீர்கள், மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பயிற்சியை மாற்றித் தருவீர்களா. முதல் நாளே கையில் கம்பைக் கொடுத்துச் சுற்றச் சொல்கிறவரைவிட, "ஒரு மாசம் காலடி மட்டும்தான், பொறுமை இருந்தா வாங்க" என்கிறவரிடம் நான் போவேன். உங்கள் வயசு, ரத்த அழுத்தம், பழைய அடி பற்றி அவராகவே விசாரித்தால் இன்னும் நம்பலாம்.

அந்த இடத்திலிருந்து மரியாதையாக நழுவிவிட வேண்டிய சில அறிகுறிகளும் உண்டு. சிலம்பம் சுற்றினால் சர்க்கரை நோய் அடியோடு போய்விடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். சேர்ந்த சில வாரத்திலேயே தீப்பந்தம், சுருள்வாள், தலையில் டியூப்லைட் உடைப்பது என்று ஆசை காட்டினாலும் அப்படியே. பெல்ட் நிறங்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம், கட்டணத்தைக் கூட்டும் என்பதைத் தவிர உடம்புக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. துடுக்காண்டம், குறவஞ்சி, நாகசீறல் என்று பல முறைகளின் பெயர் காதில் விழும். ஆசானுக்கு ஆசான் பெயரும் மாறும், அடவும் (அசைவு முறையும்) மாறும். எது பழசு, எது உசத்தி என்ற சண்டையில் நாம் இறங்க வேண்டாம். பக்கத்தில் இருப்பது எதுவோ, வாரம் மூன்று நாள் உங்களால் போய்வர முடிவது எதுவோ அதுதான் உங்களுக்கு நல்ல முறை.

தட்சணை என்றால் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைப்பது வழக்கம், மாதக் கட்டணம் தனி. தரையைத் தொட்டு வணங்கிவிட்டுத்தான் களத்தில் இறங்குவார்கள். அப்புறம் வருவது சலாம் வரிசை, மண்ணுக்கும் ஆசானுக்கும் வணக்கம் வைக்கும் அடவு. இதைச் சடங்கு என்று நினைத்து அவசரமாக முடித்துவிடாதீர்கள். குனிந்து, நிமிர்ந்து, நான்கு திசையும் திரும்பி மெதுவாகச் செய்தால் உடம்பைச் சூடேற்ற அதுவே பாதி போதும்.

கம்பு, இடம், நேரம்

கம்பு தரையில் நின்றால் உங்கள் புருவத்துக்கோ நெற்றிக்கோ வர வேண்டும் என்பதுதான் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஆசான் வேறு அளவு சொன்னால் அவர் சொல்வதையே வாங்குங்கள். ஆரம்பத்துக்குப் பிரம்பு நல்லது, வளைந்து கொடுக்கும், அடிபட்டாலும் மூங்கில் மாதிரி பிளந்து குத்தாது. கனம் அதிகமானால்தான் உடற்பயிற்சி என்று நினைத்துத் தடியான மூங்கிலை எடுக்காதீர்கள். அந்தக் கனத்தைத் தாங்கப்போவது முதலில் மணிக்கட்டும் முழங்கையும்தான், அவை தயாராக மாதங்கள் ஆகும். பிளம்பிங் கடை பிவிசி குழாயும் வேண்டாம், அது வளையும் விதமே வேறு, அதில் கை பழகிவிட்டால் பிறகு பிரம்பு கைக்கு ஒத்துவராது.

வாங்கி வந்ததும் ஒரு பழைய பருத்தித் துணியால் கம்பை நுனி முதல் அடி வரை உருவிப் பாருங்கள். சிராய் இருந்தால் நூல் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு நல்லெண்ணெய் பூசி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளைந்துவிடும், அதனால் படுக்கவைப்பது நல்லது.

இடத்தைப் பொறுத்தவரை, ஐந்தரை அடிக் கம்பும் நீட்டிய கையும் சேர்ந்தால் உங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏழு எட்டு அடியாவது காலியாக இருக்க வேண்டும். மொட்டை மாடி என்றால் துணிக்கொடி, தண்ணீர்த் தொட்டிக் குழாய், டிஷ் ஆன்டெனா, மேலே போகும் மின்கம்பி எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அங்கே பின்னோக்கிக் கால் வைக்கும் பின்காலடி பழகவே கூடாது. சிமென்ட் தரையைவிட மண் தரை நல்லது, அதிலும் முட்டிக்கு. வெறுங்காலோடு பழகுவதுதான் வழக்கம், ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள், இதில் மரபு பார்க்க வேண்டாம். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

முதல் மாதம்: கம்பு இல்லாமல்

இங்கேதான் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள், இங்கேதான் பலனும் இருக்கிறது. பத்து நிமிஷம் கழுத்து, தோள், இடுப்பு, முட்டி, கணுக்கால் என்று மேலிருந்து கீழாக மூட்டுகளைச் சுழற்றி இளக்குங்கள். அப்புறம் நிலை. கால்கள் தோள் அகலத்துக்கு, ஒன்று முன்னே ஒன்று பின்னே, முட்டி லேசாக மடங்கி, முதுகு நேராக, எடை முன்பாதத்தில். இப்படியே ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். தொடை நடுங்கும், முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது உங்களுக்கே தெரியும்.

நிலை பழகியதும் காலடி. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் இரண்டரை அடிச் சதுரம் ஒன்று போட்டுக்கொண்டால் சுலபமாக இருக்கும். முன்னே ஒரு அடி, பக்கவாட்டில் ஒரு அடி, பின்னே ஒரு அடி, மறுபடி பழைய மூலைக்கு. வலது கால் முன்னே வைத்து ஒரு சுற்று, இடது கால் முன்னே வைத்து ஒரு சுற்று. இரண்டு நிமிஷம் தொடர்ந்து, ஒரு நிமிஷம் ஓய்வு, இப்படி ஐந்து முறை. ஆசான் தரும் காலடி வரிசை இதைவிட நுணுக்கமாக இருக்கும், வீட்டில் தனியாகப் பழகும் நாளுக்கு இந்தச் சதுரம் போதும். நடக்கும்போது தலை மேலும் கீழும் ஆடாமல் ஒரே மட்டத்தில் போக வேண்டும். அது மட்டும் சரியாக வந்தால் தொடைக்கு வேறு பயிற்சியே தேவையில்லை போலத் தோன்றும், அவ்வளவு இழுக்கும்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. பாதம் முழுக்கத் தரையில் ஒட்டியபடி உடம்பை மட்டும் திருப்பினால் முறுக்கல் முழுக்க முட்டியில் இறங்கும். குதிகாலைச் சற்றுத் தூக்கி முன்பாதத்தில் சுழலுங்கள், முட்டியும் கால்விரலும் எப்போதும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை பெரியவர்களுக்குச் சிலம்பத்தில் வரும் முட்டி வலியில் பெரும்பகுதி இந்த ஒன்றைக் கவனிக்காததால் வருவதுதான்.

எவ்வளவு வேகம் என்று கேட்டால், கைக்கடிகாரம் சொல்லும் எண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. பயிற்சிக்கு நடுவே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான தீவிரம். பேச்சே வராமல் இரைத்தால் குறைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐம்பது நிமிஷம் என்று வைத்தால் கீழ்க்கணக்கு நிறைந்துவிடும். தினமும் ஒன்றரை மணி நேரம் என்று ஆரம்பித்து மூன்றாம் வாரத்தில் காணாமல் போகிறவர்களைவிட இந்த மூன்று நாள்காரர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள்.

கம்பு கைக்கு வரும்போது

அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று இரண்டு கையையும் நேராக மேலே தூக்குங்கள். இடுப்பு சுவரை விட்டு வளைந்து விலகாமல் கட்டைவிரல்கள் சுவரைத் தொட்டால் தலைக்கு மேல் சுற்றலாம். தொடாவிட்டால் இன்னும் சில வாரம் முன்சுற்று, பக்கச்சுற்று மட்டும் செய்துகொண்டு தோளை இளக்குங்கள். கம்ப்யூட்டர் முன்னால் கூனி உட்கார்ந்து பழகிய தோளை ஒரே நாளில் தலைக்கு மேல் சுழற்றினால் அது சும்மா விடாது.

பிடி தளர்வாக இருக்க வேண்டும். பறந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லாரும் முதலில் இறுக்கிப் பிடிக்கிறார்கள், அதனால் முழங்கையின் வெளிப்பக்கம் வலி வருகிறது. கம்பின் எடையே அதைச் சுற்ற வைக்கும், கை வழிகாட்டினால் போதும், சைக்கிள் ஓட்டப் பழகியவர் ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி. முதலில் மெதுவாக, எண்ணி எண்ணி, வலக்கையில் பத்து, இடக்கையில் பத்து. இடக்கை சொதப்பும், அதனால்தான் அதற்கு இரண்டு சுற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். வலக்கையால் மட்டும் வாழ்ந்த உடம்புக்கு இரண்டு பக்கமும் சமமாக வேலை கிடைப்பது சிலம்பத்தின் பெரிய லாபம், அதை விட்டுவிட்டுச் சுலபமாக வருகிற கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஒரு தோள் மட்டும் பலப்படும்.

சுற்று ஓரளவு பிடிபட்டதும் உடனே காலோடு சேர்த்துவிடுங்கள். நின்றுகொண்டு பத்து நிமிஷம் சுற்றுவதைவிட நடந்துகொண்டு மூன்று நிமிஷம் சுற்றுவது அதிக வேலை. முதலில் கையைக் கவனித்தால் கால் நிற்கும், காலைக் கவனித்தால் கம்பு முட்டியில் அடிக்கும். எரிச்சலாகத்தான் இருக்கும். அந்தக் குழப்பத்திலேயே மூளைக்கும் வேலை நடக்கிறது, அதோடு ஆபீஸ் கவலை எதுவும் அந்த நேரம் தலைக்குள் ஏற இடமிருக்காது. ட்ரெட்மில்லில் ஓடிக்கொண்டே மெயில் பார்க்கலாம், கம்பைச் சுற்றிக்கொண்டு பார்க்க முடியாது.

மூன்றாவது மாதத்துக்கு மேல் வெட்டு, குத்து, தடுப்பு என்று அடவுகள் சேரும். அவற்றின் வரிசையை ஆசானிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் செய்யும் நாளில் புதிதாக எதையும் முயலாமல், வகுப்பில் திருத்தப்பட்டதை மட்டும் திரும்பச் செய்வது நல்லது. தப்பான அசைவு ஒரு வாரம் பழகிவிட்டால் எடுக்க ஒரு மாதம் ஆகும்.

கம்பால் ஆகாதது

சிலம்பக்காரர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்கும் ஒன்று உண்டு. பிரம்புக் கம்பு எடை குறைவு. மூச்சு, சமநிலை, இளக்கம், கைகால் ஒத்திசைவு எல்லாம் அதில் கிடைக்கும், ஆனால் நெஞ்சு, முதுகு, பிட்டத் தசைகளுக்குப் போதுமான பலம் கிடைக்காது. நாற்பதுக்கு மேல் தசை தானாகவே கரைய ஆரம்பிக்கிறது, அதனால் இதை அலட்சியம் செய்யக் கூடாது. வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்பதும் அதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைதான். ஜிம் அவசியமில்லை. நம்மூர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் காலங்காலமாக இருக்கும் தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழுவது), கர்லாக்கட்டை (கையில் பிடித்துச் சுழற்றும் மரக்கட்டை) மூன்றும் போதும்.

தண்டால் தரையில் வராதவர்கள் சுவரில் கை ஊன்றி ஆரம்பித்து, பிறகு திண்ணை உயரம், பிறகு தரை என்று இறங்கலாம். பஸ்கியில் முழுக்க உட்கார முட்டி இடம் கொடுக்காவிட்டால் நாற்காலி உயரம் வரை போய் எழுந்தால் போதும். கர்லாக்கட்டையை ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவில் ஆரம்பியுங்கள். முதுகுக்குப் பின்னால் கட்டை ஆடி வரும்போது தோள் முழு வட்டம் போகும், இந்த வேலையைச் சாதாரண டம்பெல் தருவதில்லை. ஆனால் ஏற்கெனவே தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்கவே முடியாதவர்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும், கட்டையைத் தொடும் முன் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

வலி, சாப்பாடு, மருந்து

உள்ளங்கையில் கொப்புளம் வரும், உடைக்காமல் இரண்டு நாள் காலடி மட்டும் செய்யுங்கள். தொடை, தோள் தசை மந்தமாக வலிப்பது ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துவது, வீங்குவது, கை மரத்துப்போவது வேறு கதை, அதற்கு எண்ணெய் நீவிக்கொண்டு பயிற்சியைத் தொடரக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் வந்தால் உடனே மருத்துவமனை. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கண் விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பெரிய ரகசியம் இல்லை. விடிகாலையில் வெறும் வயிற்றில் பழகுவது பலருக்கு ஒத்துக்கொள்ளும். இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு அது ஆபத்து, அவர்கள் ஒரு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டு, பையில் கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ வைத்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் நீராகாரமோ மோரோ குடியுங்கள். சுண்டல், முட்டை, பயறு, மீன் என்று புரதம் சேர்ந்தால் போதும், இதற்காகப் பவுடர் டப்பா வாங்க வேண்டாம். பயிற்சி முடிந்த கையோடு பரோட்டாக் கடைக்கு வண்டியைத் திருப்பினால் எடை குறையவில்லை என்று ஆசானிடம் புகார் சொல்லக் கூடாது.

மழைக்காலத்தில் களம் சேறாகிவிடும். அந்த மாதங்களில் கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டுக் காலடி, தண்டால், பஸ்கி, அப்புறம் முழ நீளச் சிறு குச்சியில் கைச்சுற்று என்று ஓட்டலாம். சீலிங் ஃபேன் இருக்கும் அறையில் நீளக் கம்பை எடுக்காதீர்கள், ஃபேன் நின்றிருந்தாலும்.

ஆறேழு மாதம் கழித்து எதிராளியோடு ஆடச் சொல்லுவார்கள். பயமாக இருந்தால் மறுக்கலாம், உடம்புக்காக மட்டும் பழகுகிறவருக்கு அது கட்டாயமில்லை. ஆடுவதானால் தலைக்கவசம், கை உறை, முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பு, ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே காப்பு, இவை இல்லாமல் இறங்காதீர்கள். கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டு, மருத்துவர் ஒப்புக்கொண்டால் கான்டாக்ட் லென்ஸோடு, முகத்தை மறைக்கும் கவசம் போட்டு ஆடுங்கள். முதலில் சொல்லி வைத்த அடி, சொல்லி வைத்த தடுப்பு, பாதி வேகம். உங்களைவிட இருபது வயசு குறைந்த பையன் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டினால் கம்பைத் தாழ்த்திவிட்டு ஆசானைக் கூப்பிடுங்கள், அவரே எதிரே வந்து நிற்கட்டும்.